பதிமூன்றுக்கு ஒன்பது: பைபோலார் கேள்வித்தாளை எப்படிப் படிப்பது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெயிலுக்கான பதில். அனுப்பியவரிடம் கேட்டு, அவர் "பேசுங்க அக்கா" என்று சொன்ன பிறகுதான் பேசுகிறேன். ஆள் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 24 வயது. சொந்த ஊர் வால்பாறை, எஸ்டேட் குடும்பம். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு போனில் ஒரு டெஸ்ட் எடுத்திருக்கிறார். அதன் ஸ்க்ரீன்ஷாட்டும் மெயிலில் இருந்தது. பதிமூன்றுக்கு ஒன்பது. கீழே சிவப்பு எழுத்தில் 'பாசிட்டிவ்'. அதற்கும் கீழே அவருடைய கேள்வி: "அக்கா, எனக்கு பைபோலார் வந்துடுச்சா? எங்க அத்தைக்கு இருக்கு. வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்க. இதைச் சொல்லணுமா?"

நானும் வால்பாறைக்காரிதான். இப்போது கோவையில் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். டாக்டர் இல்லீங்க, மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை. சிகிச்சைக்கு வருகிறவரோடும் அவர் குடும்பத்தோடும் உட்கார்ந்து என்ன நடந்தது, எப்போது நடந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று கேட்டு எழுதி வைப்பதுதான் என் வேலை. அதனால் இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள் வாரத்துக்கு நாலு தடவையாவது என் மேஜைக்கு வரும்.

முதலில் பைபோலார் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்று எழுதுவார்கள். ஒரு முனை மனச்சோர்வு. இன்னொரு முனை மேனியா, அதாவது மனநிலையும் உடம்பின் வேகமும் சேர்ந்து அளவுக்கு மீறி எகிறுவது. காலையில் குஷியாக இருந்து சாயங்காலம் மூட் அவுட் ஆவது பைபோலார் இல்லை. ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் "நான் பயங்கர பைபோலார் டி" என்று சொல்கிறோமே, அதுவும் இல்லை. மேனியா என்று சொல்ல குறைந்தது ஒரு வாரம், ஏறத்தாழ எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி அப்படி இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்குப் போனால் மட்டும் நாள் கணக்கு கிடையாது. அதைவிட லேசான வடிவம் ஹைப்போமேனியா. அதற்குக் குறைந்தது நான்கு நாள். அந்த நாட்களில் ஆள் மாறியிருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆக நாள் கணக்கு முக்கியம், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தது முக்கியம். இந்த இரண்டையும் ஞாபகம் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது அந்த டெஸ்ட். அதன் பெயர் மூட் டிஸ்ஆர்டர் கொஸ்டினேர், சுருக்கமாக எம்.டி.க்யூ. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் குழுவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்டர்நெட்டில் 'பைபோலார் டெஸ்ட்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுகிறவற்றில் இதுவும் ஒன்று. ஆமாம், இல்லை என்று டிக் அடிக்கிற பதிமூன்று கேள்விகள். பேச்சு கூடியதா, எரிச்சல் கூடியதா, தன்னம்பிக்கை அளவு மீறியதா, தூக்கம் குறைந்ததா, செலவு கை மீறியதா, இப்படிப் போகும்.

பலரும் இந்தப் பதிமூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் தாளில் இன்னும் இரண்டு கேள்விகள் மார்க்கில் சேரும். நீங்கள் 'ஆமாம்' சொன்னவற்றில் பல, ஒரே காலகட்டத்தில் சேர்ந்து நடந்தனவா? அவற்றால் உங்களுக்கு எவ்வளவு பிரச்சினை வந்தது: இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை? ஏழோ அதற்கு மேலோ டிக் விழுந்து, அவை ஒரே காலத்தில் நடந்து, பிரச்சினையும் நடுத்தரம் அல்லது கடுமை என்றால்தான் அந்தத் தாளின் கணக்கில் 'பாசிட்டிவ்'. நம்ம தங்கச்சி எடுத்த இணைய டெஸ்டில் இந்த இரண்டு கேள்வியும் இல்லவே இல்லை. வாழ்க்கையில் எப்போதோ நடந்ததையெல்லாம் கூட்டி ஒன்பது என்று சொல்லிவிட்டது. காலேஜ் ஃபர்ஸ்ட் இயரில் வாயாடியாக இருந்ததும், போன மாத ஆஃபரில் மூன்று டிரெஸ் வாங்கியதும், நைட் ஷிஃப்டில் தூங்காததும் ஒரே தட்டில்.

அந்தத் தூக்கக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்கணும். என்னைக் கேட்டால் பதிமூன்றிலும் கனமான கேள்வி அதுதான், தமிழில் கேட்கும்போது அதிகம் பிசகுவதும் அதுதான். அது கேட்பது இது: வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாகத் தூங்கியும், தூங்காத குறையே தெரியாமல் இருந்த காலம் உண்டா? கேட்கிறவர் காதில் விழுவது "சரியாத் தூங்கலையா?" என்பது மட்டும். உடனே ஆமாம். எங்கள் அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். கொழுந்து அதிகமாக வரும் சீசனில் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். விடியற்காலையில் கண் சிவந்து வீட்டுக்கு வருவார். இந்தக் கேள்வியைக் கொடுத்திருந்தால் அவரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குத் தூக்கம் வேண்டும், வேலை விடவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவுக்கும் அதே கதை. மனச்சோர்வில் இருப்பவருக்குத் தூக்கம் வேண்டும், ஆனால் வரவில்லை. மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே வேண்டியதில்லை. ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு வீட்டை ஒட்டடை அடித்து, காலையில் முகத்தில் களைப்பே இல்லாமல் வேலைக்குக் கிளம்புவார். நம்ம ஊர்ப் பேச்சிலேயே இதற்கு வார்த்தை இருக்கிறது. "தூக்கம் வரலை" வேறு, "தூக்கம் வேண்டாம்" வேறு. நான் கேட்கும்போது எப்போதும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்பேன்.

செலவுக் கேள்வி இன்னும் வேடிக்கை. தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் வால்பாறை கடைத்தெருவில் நின்று இதைக் கேட்டுப் பாருங்கள், ஊரே பாசிட்டிவ். நடுராத்திரியில் நண்பர்களுக்கு போன் செய்வதை அதிகப்படியாகப் பழகுவதற்கு உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில், லேண்ட்லைன் காலத்தில் அது விசித்திரமாக இருந்திருக்கும். இன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்பாதவர் யார்?

இதற்காக அந்தத் தாளையே குப்பை என்று சொல்ல வரவில்லை. அது எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால் நியாயம் புரியும். 2000இல் அதைச் சோதித்தது, பெரும்பாலும் மனநிலைக் கோளாறுகளுக்கே சிகிச்சை தரும் ஐந்து கிளினிக்குகளுக்கு வந்த 198 பேரிடம். அங்கே உண்மையாகவே பைபோலார் இருந்தவர்களில் 100க்கு 73 பேரைத் தாள் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 100க்கு 90 பேரைச் சரியாக 'இல்லை' என்றது. நல்ல எண்கள்தான். 73, 90 என்று கேட்டவுடன் "அப்போ எனக்கு பாசிட்டிவ் வந்தா 73 சதவீதம் சான்ஸ்" என்று மனசு கணக்குப் போடும். அது தப்பான கணக்கு. சரியான கணக்கைச் சேர்ந்து போடலாம், பயப்படாதீங்க, கூட்டலும் பெருக்கலும்தான்.

நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. 12 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. அதன்படி, வாழ்நாளில் எப்போதாவது பைபோலார் வந்திருக்கும் பெரியவர்கள் 0.5 சதவீதம். ஆயிரம் பேரில் ஐந்து பேர். இந்த எபிசோடைக் கேட்பவர்களில் ஆயிரம் பேர் அந்தத் தாளை ஒழுங்காக, கடைசி இரண்டு கேள்வியோடு, நிரப்பினார்கள் என்று வைப்போம். ஐந்து பேரில் மூன்று நான்கு பேருக்குச் சிவப்பு எழுத்து வரும். மீதி 995 பேரில் பத்து சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நூறு பேருக்கும் அதே சிவப்பு எழுத்து வரும். நூற்றுச் சொச்சம் பேர் பயந்து உட்கார்ந்திருக்க, நோய் உள்ளவர்கள் அதில் நான்கு பேர்.

ஹிர்ஷ்ஃபெல்ட் குழுவே 2003இல் பொதுமக்களிடம் இதைச் சோதித்தபோது எண்கள் இன்னும் மாறின. இல்லாதவர்களை இல்லை என்று சொல்வது 97 சதவீதமாக ஏறியது. இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது 28 சதவீதமாக இறங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஐந்து பேரில் ஒருவரோ இருவரோதான் சிக்குவார்கள். கூடவே முப்பது பேர் வீணாகப் பயப்படுவார்கள். மிச்ச மூன்று நான்கு பேர் "எனக்கு ஒண்ணுமில்ல, டெஸ்ட் எடுத்துட்டேன்" என்று நிம்மதியாகப் போவார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயம்.

இப்போது அதே தாளை வேறு இடத்தில் வையுங்கள். மனச்சோர்வுக்காக மனநல மருத்துவரிடம் வந்திருக்கும் நூறு பேர். அவர்களில் இருபது பேருக்கு உண்மையில் பைபோலார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பழைய 73, 90 எண்களையே போட்டால் 15 பேர் சரியாகச் சிக்குவார்கள், 8 பேர் தவறாக. சிவப்பு எழுத்து வந்த 23 பேரில் 15 பேருக்கு நோய் உண்டு. ஒரு எழுத்துகூட மாறாத அதே தாள்தான், ஆனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பதை வைத்து அதன் அர்த்தமே மாறிவிடுகிறது.

அந்த தேசியக் கணக்கெடுப்பில் மக்கள் கையில் தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் வீடு வீடாகப் போய், எதிரில் உட்கார்ந்து, 'மினி' என்ற வரையறுக்கப்பட்ட நேர்காணல் முறையில் கேட்டார்கள். நம்ம தூக்கக் கேள்வி மாதிரியான இடத்தில், நேரில் உட்கார்ந்திருப்பவரால் "எப்போ? எத்தனை நாள்?" என்று திருப்பிக் கேட்க முடியும்.

சரி, தவறாகச் சிவப்பு எழுத்து வருகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மார்க் சிம்மர்மன் குழு 2010இல் இதைப் பார்த்தது. எம்.டி.க்யூவில் பாசிட்டிவ் வந்தவர்களில் பைபோலார் எவ்வளவு பேருக்கு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு பேருக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் இருந்தது. அது வேறு விஷயம், அதற்கான சிகிச்சையும் வேறு, முக்கியமாகப் பேச்சு வழிச் சிகிச்சை. குடி, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஸ்டீராய்டு மாத்திரை, ஏ.டி.ஹெச்.டி., இவையெல்லாமும் அந்த டிக்குகளை விழ வைக்கும். ஸ்விட்சர்லாந்தின் ஜூல்ஸ் ஆங்ஸ்ட் 2005இல் கொண்டுவந்த ஹெச்.சி.எல்-32 என்ற இன்னொரு தாள் லேசான ஹைப்போமேனியாவையும் பிடிக்கணும் என்று செய்தது. பைபோலார் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடித்தது. ஆனால் வெறும் மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களில் பாதிப் பேரையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. கண்ணி சின்னதா இருந்தா எல்லா மீனும் மாட்டும், என்ன செய்ய.

இனி அத்தைக்கு வருவோம். மெயிலில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி அதுதான்.

அத்தை, அதாவது அப்பாவோடு கூடப் பிறந்தவர், கொழுந்து பறிக்கிற வேலை. வருஷத்தில் சில வாரம் அவரை மிஞ்ச ஆளே இருக்காதாம். மற்றவர்கள் ஒரு சாக்கு கட்டும்போது இவர் ரெண்டாவது சாக்கைப் பாதி நிரப்பியிருப்பார். கூடுதல் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு என்பதால் எடை போடுகிற இடத்தில் சூப்பர்வைசரே எல்லார் முன்னாலும் பாராட்டுவாராம். ராத்திரி லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாட்டு. யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நின்று சமையல். அப்புறம் ஒரு நாள், மூன்று குழுவில் கடன் வாங்கிப் பித்தளைப் பாத்திரம் அடுக்கி வைத்திருப்பது மாமாவுக்குத் தெரிய வரும். அதற்குப் பின் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழமாட்டார். சாமி வந்திருக்கிறது என்றார்கள், யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், இன்றைக்கும் மாத்திரையோடு சேர்த்து அவர்கள் கோயிலுக்கும் போகிறார்கள். ஆனால் பைபோலார் என்று ஒரு டாக்டர் பெயர் சொல்ல எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

எட்டு வருஷம் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வந்த ஒரு தொகுப்பில், நோய் தொடங்கியதிலிருந்து அதற்கான சிகிச்சை தொடங்கும் வரை ஆகும் காலத்தின் மதிப்பீடு 5.8 வருஷம். நம் தேசியக் கணக்கெடுப்பில் பைபோலார் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். அதனால்தான் இந்தத் தாள்களைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வால்பாறையிலிருந்து மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ இறங்க வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் கூலி. யாரை உடனே அனுப்பணும் என்று தீர்மானிக்க ஒரு எளிய தாள் உதவும் என்றால் உதவட்டுமே.

ஆனால் அந்த நல்ல வாரங்களில் அத்தையிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? பதிமூன்றில் பாதிக்கு மேல் டிக் விழுந்திருக்கலாம். 'எவ்வளவு பிரச்சினை?' என்ற இடத்தில் 'இல்லை' என்றுதான் போட்டிருப்பார். பொய் இல்லை. அவருக்கு அப்போது பிரச்சினையே இல்லை. ஊரே பாராட்டுகிறது, கையில் காசு வருகிறது, உடம்பு இறகு மாதிரி இருக்கிறது. அந்த ஒரு டிக்கால் மொத்தத் தாளும் 'நெகட்டிவ்' ஆகிவிடும். பிரச்சினையைப் பார்த்தவர் மாமா. நாமே நமக்கு மார்க் போடும் எந்தத் தாளிலும் உள்ள ஓட்டை இது. மேனியா ஒருவருக்கு வரும்போது, தனக்கு என்னவோ ஆகிறது என்று உணர்கிற அந்தப் புத்தியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

வால்பாறைக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் யானை நடமாட்டத்துக்குச் சிவப்பு விளக்கு உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள், ஆனந்தகுமார் தலைமையில், கொண்டுவந்தது. இந்த வேலைக்காக அவருக்கு 2015இல் விட்லி விருதும் கிடைத்தது. பக்கத்தில் யானை இருந்தால் மொபைல் போன் வழியாகவே கம்பத்தின் மேல் விளக்கு எரியும், எஸ்.எம்.எஸ். வரும். விளக்கு எரிகிறது என்றால் யானை உன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று அர்த்தமில்லை. நின்று, விசாரித்து, துணையோடு போ என்று அர்த்தம். விளக்கு எரியாத ராத்திரியிலும் எங்கள் ஆட்கள் டார்ச் இல்லாமல் நடக்கமாட்டார்கள். கேள்வித்தாளையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே விளக்கைப் போட வைப்பது யானையைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லும் சேதி. இங்கே போடுவது நாமே, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து.

சரி, தங்கச்சியின் ஒன்பது மார்க்குக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒன்பதைப் பார்த்து நான் பதறவில்லை. மெயிலின் கடைசியில், பின்குறிப்பாக, சிரிக்கும் எமோஜியோடு அவர் எழுதியிருந்த நான்கு வரிதான் என்னை உடனே போனை எடுக்க வைத்தது: "ரெண்டு மாசமா ரொம்ப டல்லா இருந்தேன் அக்கா, அழுகையா வந்துச்சு. ஒரு டாக்டர் டிப்ரஷனுக்கு மாத்திரை கொடுத்தார். மூணு வாரம் ஆச்சு, சூப்பரா வேலை செய்யுது. இப்பல்லாம் மூணு மணி நேரம் தூங்கினா போதும், டயர்டே இல்ல."

தூக்கம் வேண்டாம். ரத்த உறவில் பைபோலார். மனச்சோர்வு மாத்திரை தொடங்கி மூன்று வாரம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. பைபோலார் உள்ள ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது மனநிலையை மறுபக்கம் எகிற வைக்கலாம். எல்லோருக்கும் இல்லை, ஆனால் டாக்டருக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி. கொடுத்த டாக்டரிடம் அத்தையைப் பற்றி இவர் சொல்லவில்லை, அழுகையைப் பற்றித்தான் சொன்னார். அழுகையோடு போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். பதிமூன்று கேள்வியில் எதுவும் "இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காது. மூலத்தாளில் ரத்த உறவு பற்றி ஒரு கேள்வி உண்டு, அத்தை மாமா வரை கேட்கும். மார்க்கில் சேராது என்பதால் இணையத்தில் அதையும் வெட்டிவிட்டார்கள்.

அவரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து தூக்கம், அத்தை, இரண்டையும் சொல்லுங்கள். முடிந்தவரை சீக்கிரம் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துப் போங்கள், கூடவே உங்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர் ஒருவரையும். பஸ் கட்டணத்தைப் பார்க்காதீங்க. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், டெலி மனஸ் 14416. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

மூன்றாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் அம்மா வால்பாறையிலிருந்து இறங்கினார். கூடவே, யாரும் கூப்பிடாமலே, அத்தையும். பிறகு போனில் தங்கச்சி எனக்குச் சொன்னது இது. மனநல மருத்துவர் அந்தத் தாளை வாங்கி, ஒவ்வொரு டிக்காகக் காட்டி, "இது எப்போம்மா? எத்தனை நாள்? அப்போ கூட யார் இருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். நைட் ஷிஃப்ட் டிக் போனது. ஆஃபர் டிரெஸ் போனது. ராத்திரி போன் போனது. ஒன்பதில் நாலுதான் மிஞ்சியது. மார்க்குப்படி பார்த்தால் இப்போது அவர் நெகட்டிவ். ஆனால் அந்த நாலும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. செகண்ட் இயர் லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு பத்து நாள். அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை, "லீவுல பொண்ணு கலகலன்னு இருந்தா" என்று நினைத்திருக்கிறார். அத்தைதான் சொன்னாராம்: "இல்லீங்க டாக்டர். அந்தப் பத்து நாளும் இவ கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வர்றப்பவும் அப்படித்தான் இருக்கும்னு கண்ணாடில பாத்திருக்கேன். அப்ப சொல்லப் பயமா இருந்துச்சு."

டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். தைராய்டு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். தினமும் தூங்கிய மணி நேரத்தையும் மனநிலையையும் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நோட்டை அம்மா தனியாகவும் ஒன்று எழுத வேண்டும். பெயர் இன்னும் வைக்கவில்லை. "மூணு மாசம் பாக்கலாம்" என்றிருக்கிறார். பெயர் வைக்காத டாக்டர் மேல் தங்கச்சிக்குக் கொஞ்சம் கோபம். எனக்கு மரியாதைதான் கூடியது.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா என்று கேட்டிருந்தாய் இல்லையா கண்ணு. இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. இணைய டெஸ்டின் மார்க்கை ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. நாளைக்கு ஒரு பெயர் வந்தால், அதற்கு மாத்திரை ஒத்துப்போய், நீ நன்றாகத் தூங்கி எழுகிற நிலை வந்த பிறகு, யாரிடம் எப்படிச் சொல்வது என்று டாக்டரோடும் அம்மாவோடும் உட்கார்ந்து பேசு. மறைத்துவிட்டு மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, கடைசியில் விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு வார்த்தையை மூன்று மாசம் தள்ளிப்போட வீட்டில் சொல்லலாம். அத்தை உன் பக்கம் இருக்கிறார்.

இன்னொரு செய்தி. இந்த எபிசோடு வரப்போகிறது என்று தெரிந்து, அத்தையும் தங்கச்சி போனிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். அவர் சாப்பிடுவது லித்தியம். "ஏனுங்க கண்ணு, வெயில் காலத்துல காட்டுல நின்னு வேர்த்துக் கொட்டுறப்ப இந்த மாத்திரை ஒடம்புல கூடிப்போயிரும்ங்கறாங்களே, தண்ணி எவ்வளவு குடிக்கோணும், ரத்தம் எப்பெப்பக் குடுக்கோணும்?" நல்ல கேள்வி, அவசரமான கேள்வியும்கூட. முதல் பதிலை அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன்: தண்ணீரை விடாதீங்க, உப்பைத் திடீரென்று குறைக்காதீங்க, வாந்தி, பேதி, கை நடுக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. விவரமாக அடுத்த வாரம், ஒரு மனநல மருத்துவரோடு உட்கார்ந்து பேசுகிறேன். அத்தையும் லைனில் இருப்பார், சிக்னல் கிடைத்தால்.